யாருக்கு உபரி?

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியாக மண்ணச்சநல்லூர் போகிறவர்கள் அங்குள்ள அரிசி ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். நெல் அவிக்கும் பாய்லருக்கு அங்கே உமிதான் எரிபொருள். ஒரு டன் நெல் அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி வரும். அந்த உமியே அடுத்த நெல்லை அவிக்கும், மிஞ்சியது செங்கல் சூளைக்குப் போகும். 'உயிரி ஆற்றல்' என்ற வார்த்தை எங்களுக்குக் கல்லூரிக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. ஆனால் வைக்கோல், வறட்டி, சுள்ளி, கரும்புச் சோகை, உமி என்று அதைத் தலையில் சுமந்தே வளர்ந்தவர்கள் எங்கள் அம்மாக்களும் பாட்டிகளும்.

இப்போது இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இரண்டு எண்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 75 கோடி டன் உயிர்மப் பொருள் கிடைக்கிறது, அதில் சுமார் 23 கோடி டன் விவசாயக் கழிவு 'உபரி', அதைக் கொண்டு 28,000 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம் என்று ஒன்றிய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் சொல்கிறது. ஹைதராபாத்தில் உள்ள நிர்வாகப் பணியாளர் கல்லூரியைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து வந்த கணக்கு இது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் வேறு கணக்கு சொல்லிவந்தார்கள்: மொத்தம் 50 கோடி டன், உபரி 12 முதல் 15 கோடி டன், 18,000 மெகாவாட். எரிசக்தித் துறையில் யார் பேசினாலும் இந்த எண்களில் ஒன்றைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். திட்டம், மானியம், கடன், நிலம் எல்லாம் இந்த எண்ணின் முதுகில் ஏறித்தான் வருகின்றன.

தோழர்களே, இதில் நாம் நின்று பார்க்க வேண்டிய சொல் 'உபரி'. யாருக்கு உபரி? இந்தக் கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

முதலில் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று புரிந்துகொள்வோம். புரியாமல் எதிர்ப்பது நமக்கு உதவாது. ஒரு வட்டத்தில் எத்தனை ஏக்கர் நெல், ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ வைக்கோல் என்று ஒரு விகிதம் உண்டு, அதனால் பெருக்குவார்கள். ஈரப்பதத்தைக் கழிப்பார்கள். மாட்டுத் தீவனம், கூரை, அடுப்பு என்று ஊரில் செலவாவதைக் கழிப்பார்கள். மிச்சம் உபரி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தயாரித்த தேசிய உயிர்மப் பொருள் வரைபடம் செயற்கைக்கோள் படத்தையும் பயிர்ப் புள்ளிவிவரத்தையும் சேர்த்து வைத்து இதைத்தான் செய்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெருக்கலும் கழித்தலும்தான்.

ஆனால் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது பாருங்கள். ஏக்கருக்கு இரண்டு டன் நெல் என்று வைப்போம். விகிதம் ஒன்று என்றால் வைக்கோல் இரண்டு டன், ஒன்றரை என்றால் மூன்று டன். இரண்டு விகிதங்களும் ஆய்வுகளில் புழங்குகின்றன. நெல் ரகத்தைப் பொறுத்து மாறும்: பழைய உயரமான ரகம் வைக்கோலை அள்ளிக் கொடுக்கும், குட்டை ரகம் கொடுக்காது. அடுத்தது அறுவடை. அரிவாள் அடித்தண்டு வரை அறுக்கும். மெஷின் மேலே அறுத்து, அரிதாளை வயலிலேயே விட்டுவிட்டுப் போகும். காகிதத்தில் மூன்று டன் என்று இருப்பதில் வயலிலிருந்து உண்மையில் எடுக்க முடிவது பாதியாக இருக்கலாம். வாழைக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. ஸ்ரீரங்கம், அந்தநல்லூர், லால்குடி, தொட்டியம் என்று காவிரி ஓரம் முழுக்க வாழை. ஒரு மரம் ஒரு தார்தான் போடும், பிறகு வெட்டித்தான் ஆக வேண்டும், ஆகவே வாழைமரம் எல்லாமே 'கழிவு' என்று கணக்கில் மலைபோலக் குவிகிறது. அந்தத் தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எரித்துப் பாருங்கள் தெரியும். போதாவூரில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தண்டிலிருந்து நார் எடுப்பது போன்ற வழிகளைத்தான் சொல்கிறது. ஸ்ரீரங்கம் பூக்கடைகளில் மாலை கட்டுகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். வாழைநார் அவர்களுக்கு எப்போது கழிவாக இருந்தது?

கரும்புச்சக்கையும் அப்படித்தான். ஆலையில் எரித்து மின்சாரம் எடுக்கும் பொருளாக அது ஒரு கணக்கில் வரும். அதே சக்கையில்தான் கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களிலிருந்து காகிதம் செய்துவருகிறது. சர்க்கரை ஆலைகளிடமிருந்து சக்கையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அவர்கள் பாய்லருக்கு வேறு எரிபொருள் கொடுக்கும் ஏற்பாட்டில் அது நடக்கிறது. ஒரே சக்கையை காகிதத் துறை ஒருமுறையும் எரிசக்தித் துறை ஒருமுறையும் எண்ணினால் நாடு பணக்கார நாடாகிவிடும், காகிதத்தில்.

காகித நிறுவனத்துக்கு அலுவலகம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். 'அது எங்கள் சக்கை' என்று அது சொல்லும், கணக்கு திருத்தப்படும். வரப்பில் வைக்கோல் அள்ளும் அம்மாவுக்கு இவற்றில் எது இருக்கிறது?

எங்கள் தோழர் ஒருவரின் ஊர் அந்தநல்லூர் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். சேரியில் அறுபது வீடு, சொந்த நிலம் உள்ள வீடு ஐந்தோ ஆறோ. ஆனால் இருபது வீட்டில் மாடு இருக்கிறது, இன்னும் பல வீட்டில் ஆடு. நிலமில்லாதவர் மாட்டுக்கு வைக்கோல் எங்கிருந்து வரும்? முன்பு கை அறுவடையில் கூலி நெல்லோடு வைக்கோலும் கொஞ்சம் வரும். மெஷின் வந்தபிறகு கூலி நெல் போனது. ஆனாலும் மெஷின் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோலைச் சுருட்டி எடுத்துக்கொள்வதை யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. அதற்கு விலை இல்லை, அதனால் சண்டையும் இல்லை. பிறகு வைக்கோல் கட்டும் மெஷின் வந்தது. வயலில் கிடந்தது உருளை உருளையாகக் கட்டப்பட்டு லாரியில் ஏறியது. மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் மாட்டுத் தீவனமாகப் போனது. அன்று அவர் அம்மா ஒரு கட்டு எடுக்கப் போனபோது, "இப்ப இதுக்கு ரேட்டு இருக்கு, வெச்சிட்டுப் போ" என்று நிலக்காரர் சொன்னாராம். திட்டவில்லை, அடிக்கவில்லை. ரேட்டு இருக்கு, அவ்வளவுதான். அந்த வருடமே அவர்கள் மாட்டை விற்றுவிட்டார்கள்.

தீவனச் சந்தை செய்ததையே நாளை பெல்லட் ஆலையும் எரிவாயு ஆலையும் இன்னும் பெரிய அளவில் செய்யும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'மாட்டுக்குப் போக மிச்சம்' என்று அதிகாரி சரியாகவே கழித்திருக்கலாம். கால்நடைக் கணக்கெடுப்பில் அந்த அம்மாவின் மாடும் ஒரு தலையாக இருந்திருக்கும். டன் கணக்கு தப்பே இல்லை. ஆனால் டன்னில் இருந்தது அந்த மாட்டின் பசி மட்டும்தான். வைக்கோலை எடுக்க அந்த அம்மாவுக்கு இருந்த வழக்கம் எந்தப் பத்தியிலும் இல்லை. விலை வந்தவுடன் வைக்கோல் பட்டாக்காரருடையது ஆகிவிட்டது. உபரியைக் கணக்கிடுகிறவர் ஊரில் மொத்தம் எவ்வளவு தேவை என்று பார்க்கிறார், யார் எந்த உரிமையில் எடுக்கிறார் என்று பார்ப்பதில்லை. பட்டா இல்லாதவரின் உபயோகம் வழக்கத்தில் நிற்கிறது. வழக்கம் விலைக்கு முன்னால் ஒரு நாள்கூட நிற்காது.

சிறு விவசாயியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நெல்லுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காதவர் வைக்கோலில் நாலு காசு பார்ப்பதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்த நாலு காசும் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். காவிரிக் கரையில் வாய்மொழிக் குத்தகையிலும் வாரத்திலும் பயிர் செய்கிறவர்கள் நம் மக்களில் நிறைய. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பயிர் ஏறும், நிலக்காரர் பெயரில். குத்தகைதாரர் பெயரைப் பதிவுசெய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிவு கேட்டால் அடுத்த வருடம் நிலம் கிடைக்காது என்ற பயத்தில் கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். ஆகவே பயிரை வளர்த்தவரே குத்தகைதாரர் என்றாலும் பயிர்க்கழிவுக்கு ஆலை கொடுக்கும் பணம் அடங்கலில் உள்ள பெயரைத் தேடித்தான் போகும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நாடு முழுக்கப் பார்த்தால் பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 சதவீதம், வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் உள்ள சாகுபடிப் பரப்போ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பட்டாவை வைத்துப் பணம் கொடுக்கும் எந்தத் திட்டமும் இந்த விகிதத்தில்தான் நமக்கு வந்து சேரும்.

அளவு, படி, கணக்கு எல்லாம் அரசியல் என்பது டெல்டாக்காரர்களுக்குப் புதிதில்லை. கூலி நெல்லில் அரைப்படி கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். எந்த மரக்காலால் அளப்பது என்பதே ஒரு காலத்தில் சண்டையாக இருந்த மண் இது. இன்று மரக்காலின் இடத்தில் செயற்கைக்கோள் படம் இருக்கிறது.

கழிவைப் போலவே நிலத்தையும் 'வேஸ்ட்' என்று எண்ணுகிறார்கள். அந்தக் கதை இன்னும் பழையது, இன்னும் கசப்பானது.

2003-ல் திட்டக்குழுவின் உயிரி எரிபொருள் குழு, நாட்டில் 1 கோடியே 34 லட்சம் ஹெக்டேரில் காட்டாமணக்கு வளர்க்கலாம் என்று கணக்குக் கொடுத்தது. மரம் குறைந்த காடு, வேலி ஓரம், தரிசு, ரயில் பாதை ஓரம் என்று எல்லாவற்றையும் கூட்டி வந்த எண். அந்த விதையிலிருந்து எண்ணெய் எடுத்து 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்றார்கள். தமிழ்நாட்டிலும் 2007 வாக்கில் ஐந்தாண்டில் ஒரு லட்சம் ஹெக்டேர் என்று இலக்கு வைத்தார்கள், கூட்டுறவுக் கடன் வந்தது, கம்பெனிகள் ஒப்பந்தத்தோடு வந்தன. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், கல்லிலும் முளைக்கும் என்று பிரச்சாரம். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு போட்ட விவசாயிகளிடம் ஆய்வு செய்த பேரே அரிசா மொந்தோபியோ, சரத்சந்திர லேலே ஆகியோர் 2010-ல் வெளியிட்ட கட்டுரையில், விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு, பயிர் கட்டுப்படியாகவில்லை, உணவுப் பயிரும் தீவனமும் வேலையும் குறைந்தன என்று எழுதினார்கள். 2011-12 வந்தது, போனது. 20 சதவீதம் வரவேயில்லை. காட்டாமணக்கு என்ற பெயரே இப்போது பலருக்கு மறந்துவிட்டது.

விளைச்சல் பொய்த்தது மட்டும் அல்ல விஷயம். சாத்தூர் வட்டாரத்தில் ஆய்வு செய்த ஜெனிஃபர் பாக்கா வேறொன்றைக் காட்டினார். 'வேஸ்ட்' என்று குறித்த நிலங்களில் சீமைக்கருவேலம் இருந்தது. அதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்று ஒரு பெரிய பொருளாதாரமே ஓடிக்கொண்டிருந்தது: வீட்டு அடுப்பு, ஆலைப் பாய்லர், மின் நிலையம் வரைக்கும். அந்த நிலத்தில் காட்டாமணக்கு கொடுத்திருக்கக்கூடிய ஆற்றலைவிட, அப்புறப்படுத்தப்பட வேண்டியதாகச் சொன்ன அந்தக் கருவேலம் இரண்டரை மடங்கு முதல் பத்து மடங்கு வரை பயனுள்ள ஆற்றலைக் கொடுத்துக்கொண்டிருந்தது. உயிரி ஆற்றலுக்காக 'காலி' என்று குறித்த இடத்தில் ஏற்கெனவே அதைவிட அதிக உயிரி ஆற்றல்! சீமைக்கருவேலம் நல்ல மரம் என்று நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. நிலத்தடி நீருக்கும் ஏரிக்கும் அது செய்யும் கேட்டைப் பற்றி உயர்நீதிமன்றம் வரை பேசியாகிவிட்டது. ஆனால் அதை வெட்டிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கணக்கில் இல்லை. வெட்டியவர் யார், எந்தச் சாதி, கரிமூட்டத்தில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவர் யார் என்று தென் மாவட்டத் தோழர்களைக் கேளுங்கள்.

தரிசு என்ற சொல்லோடு நமக்கு 130 வருடப் பழக்கம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் முடிவு வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அது பெரும்பாலும் தரிசுதான், யாரும் உழாத நிலம்தான் நமக்குக் கொடுக்கப்பட்டது. நம் மக்கள் உழுது நன்செய் ஆக்கியதும் மற்றவர் கைக்கு மாறியது. அதை மீட்கக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணை மண்ணுரிமைப் போராட்டத்தின்போது ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் 1947-ல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் அரசின் சாகுபடியற்ற நிலங்களைப் பட்டியல் சாதியினர் குடியேற்றத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்றார். தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் 1959-லும் 1964-லும் மகாராஷ்டிரத்திலிருந்து எழுந்த நில சத்தியாகிரகங்கள் கேட்டதும் இதையேதான். 2006-ல் தமிழக அரசு நிலமற்ற குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் என்று திட்டம் தொடங்கியதும் தரிசை நம்பித்தான்.

வரிசையைக் கவனியுங்கள். தலித்துகள் கேட்டால் தரிசு இல்லை: ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வழக்கில் இருக்கிறது, அளவை சரியில்லை. எரிபொருள் பயிருக்கு என்றால் அதே அலுவலகக் கணக்கில் லட்சக்கணக்கான ஹெக்டேர் தரிசு முளைக்கிறது. 2007-ல் ஒரே நேரத்தில், ஒரே மாநிலத்தில், ஒரே தரிசு நிலத்தைப் பார்த்து ஒரு துறை நிலமற்றவருக்கு என்றது, இன்னொரு துறை காட்டாமணக்குக்கு என்றது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்திருப்பார்களா?

மூன்றாவது உபரி, அரிசி. இதைச் சொல்லாமல் போக முடியாது. 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, உணவு தானியம் தேவைக்கு மேல் இருக்கும் ஆண்டில் அதை எத்தனாலுக்குப் பயன்படுத்தலாம் என்று வாசல் திறந்தது. அந்த வாசலைப் பயன்படுத்தி, இந்திய உணவுக் கழகக் கிடங்கில் உள்ள 'உபரி' அரிசியை எத்தனாலாக மாற்ற ஒன்றிய அரசின் ஒருங்கிணைப்புக் குழு ஒப்புதல் தந்த மாதம் எது தெரியுமா? 2020 ஏப்ரல். ஊரடங்கில் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்த மாதம். கைக்கழுவும் சானிடைசருக்கும் பெட்ரோலில் கலக்கவும் என்று காரணம் சொன்னார்கள். 2023 ஜூனில் கர்நாடக அரசு தன் ஏழைகளுக்குக் கூடுதல் அரிசி கொடுக்கப் பணம் கொடுத்து வாங்குகிறோம் என்றது. மாநிலங்களுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதை நிறுத்திவிட்டோம் என்றது உணவுக் கழகம். எத்தனால் ஆலைகளுக்குப் போவது அப்போது நிற்கவில்லை, அடுத்த மாதம்தான் நின்றது. பிறகு மறுபடி திறந்தது. 2025 ஜனவரியில் எத்தனால் ஆலைகளுக்கு குவிண்டால் 2,250 ரூபாய் என்று விலையைக் குறைத்தார்கள், அந்த ஆண்டுக்கு 52 லட்சம் டன் வரை ஒதுக்கினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கிறார்கள் என்று அரசின் ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்லும் நாட்டில் அரிசி உபரியாக இருக்கிறது. கிடங்கின் கொள்ளளவைப் பார்த்துச் சொன்னால் உபரிதான். குழந்தையின் தட்டைப் பார்த்து யாரும் சொல்லவில்லை.

சில தோழர்கள் கேட்பார்கள்: பஞ்சாபில் போல வயலில் எரித்துப் புகை கிளப்புவதைவிட, நிலக்கரியை எரிப்பதைவிட, வைக்கோலில் மின்சாரம் எடுப்பது நல்லதுதானே? நல்லதுதான், எரிக்கிற இடத்தில். பஞ்சாப் அளவுக்கு டெல்டாவில் யாரும் வைக்கோலைக் கொளுத்துவதில்லை, இங்கே மாடு தின்கிறது. வடக்கின் பிரச்சினைக்காகப் போட்ட கொள்கையை நாடு முழுக்க விரித்தால் இப்படித்தான். 2021 அக்டோபரில் மின்துறை அமைச்சகம் அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு 5 சதவீதம் உயிர்மப் பொருள் பெல்லட் கலந்து எரிக்க வேண்டும் என்றது. நம் திருவெறும்பூர் பெல் ஆலையில் செய்த பாய்லர்கள் நாடு முழுக்க எரிகின்றன. அதில் நிலக்கரி குறைந்தால் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். பருவநிலை மாற்றம் முதலில் தாக்குவது சேரியைத்தான். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் தாழ்ந்த கரையில் இருப்பது யார்? அதனால் நாங்கள் உயிரி ஆற்றலுக்கு எதிரிகள் அல்ல. இல்லாத உபரியை இருப்பதாக எழுதி, இருக்கிறவர்களை இல்லாதவர்களாக எழுதும் கணக்குக்குத்தான் எதிரிகள்.

உபரியைக் கூட்டி எழுதினால் தொழிலுக்கே ஆகாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2018 அக்டோபரில் தொடங்கிய அழுத்தப்பட்ட உயிரி எரிவாயுத் திட்டம் 2023க்குள் 5,000 ஆலைகள், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன் வாயு என்றது. கெடு முடிந்தபோது ஆலைகள் நூறைக்கூட எட்டவில்லை. தமிழ்நாட்டில் முன்பு கட்டிய உயிர்மப் பொருள் மின் நிலையங்கள் பலவும் எரிபொருள் விலை ஏறி நின்றுபோயின. காகிதத்தில் சும்மா கிடந்த கழிவுக்கு, ஆலை வந்தவுடன் விலை ஏறியது. ஏன் ஏறாது? அது சும்மா கிடக்கவில்லையே.

இனி மாணவத் தோழர்களுக்கு. 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர் சர்வேக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பினார்கள். பாம்பு, பூச்சிக் கடி, கழிப்பறை வசதியில்லை என்று பெரிய சர்ச்சையானது. உங்களில் சிலரே போயிருப்பீர்கள். அந்தச் செயலியில் புல எண், பயிர், பரப்பு, படம் எல்லாம் கேட்டார்கள். நாளைக்கு உபரிக் கணக்கு போடுகிறவர்களும் இந்த மாதிரிப் பதிவுகளிலிருந்துதான் தொடங்குவார்கள். உழுகிறவர் பட்டாதாரரா குத்தகையா, அறுவடைக்குப் பின் அந்த வயலில் யார் வைக்கோல் எடுக்கிறார், யார் மேய்க்கிறார் என்ற கேள்விகளை நாமே ஒரு தாளில் சேர்த்து எடுத்துப்போகலாம். இதற்கு அரசு உத்தரவு தேவையில்லை.

நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரியும் சட்டப் பல்கலைக்கழகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒரு பக்கம் வைக்கோலை எடைபோடத் தெரிந்தவர்கள், மறுபக்கம் குத்தகைச் சட்டம் படித்தவர்கள். இரண்டு பக்கமும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியங்களில் ஆளுக்கு ஒரு ஊர் எடுத்தால் போதும். காவிரிப் பாசன ஊர் ஒன்று, மழையை நம்பும் மேட்டு ஊர் ஒன்று என்று கலந்து எடுங்கள், இரண்டின் கதையும் வேறு. சேரியில் தொடங்குங்கள், ஊர்த் தெருவில் அல்ல. எத்தனை வீட்டில் மாடு, ஆடு; தீவனம் எங்கிருந்து; காசுக்கா சும்மாவா; விறகு எந்த இடத்தில்; அந்த இடம் பதிவேட்டில் என்ன வகைப்பாடு; அதில் பஞ்சமி அல்லது நிபந்தனைப் பட்டா நிலம் உண்டா. பெண்களிடம் கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் "விறகா? இப்ப எல்லாம் கேஸ்தான்" என்பார்கள். சிலிண்டர் காலியான பின் அடுத்தது வாங்கும்வரை என்ன எரிக்கிறார்கள் என்று அடுப்பங்கரையில்தான் தெரியும். எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், பத்து வீட்டிலாவது தராசு வைத்து ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். நம் எண்ணும் ஆட்டம் காணாத எண்ணாக இருக்க வேண்டும்.

சம்பா அறுவடை தை மாதம். ஜனவரி 26 கிராம சபையும் அதே நேரத்தில் வருகிறது. அதற்கு முன்பு தாள்களைத் தொகுத்துவிட்டால், பெல்லட் ஆலைக்கோ எரிவாயு ஆலைக்கோ இந்த ஊரிலிருந்து வைக்கோல் எடுப்பதாக இருந்தால் நிலமற்ற கால்நடை வளர்ப்போரின் தேவையை முதலில் ஒதுக்க வேண்டும், குத்தகைதாரருக்கு விலையில் பங்கு எழுதப்பட வேண்டும், ஊர்ப் புறம்போக்கை எரிபொருள் பயிருக்குக் கொடுக்கும் முன் நிலமற்றோர் பட்டியலையும் பஞ்சமி நிலப் பதிவையும் சபையில் வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியபின் அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பல ஊர்களில் அந்தப் பக்கம் அடுத்த வாரம் காணாமல் போய்விடும்.